உங்களுக்குத் தெரியுமா? ஆடாத படகு எது!

தேக்கா சந்தை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறீர்களா? உங்கள் காலடியில் ஓடும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? ரோச்சோர் கால்வாய்க்கு! அங்கிருந்து காலாங் படுகைக்கு! அங்கிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்கு! சிராங்கூன் சாலையில் பெய்த மழையில் நீங்கள் படகு ஓட்டலாம்!

அந்த நீர்த்தேக்கத்தைக் கட்டி நிறுத்தியிருப்பது 350 மீட்டர் அகல வாய்க்காலின் குறுக்கே நிற்கும் மரினா அணைக்கட்டு! 2008-ல் திறந்தார்கள். மதகுகள் மொத்தம் ஒன்பது!

சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழை இந்த ஒரே இடத்துக்கு வந்து சேருகிறது! 10,000 ஹெக்டர்!

இதற்கு முன்பு அங்கே இருந்தது உப்புத் தண்ணீர். 2010 நவம்பரில் அது நன்னீர்! மழை கழுவிக் கழுவியே உப்பை வெளியேற்றியது!

படகுப் பிரியர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். அணை வந்த பிறகு உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை! வெளியே கடல் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும், உள்ளே நீர்மட்டம் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலை! முதல் முறை துடுப்பு பிடிப்பவர்களுக்கு இது வரம்!

சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்கள் மொத்தம் எத்தனை? 17!

2010 இளையர் ஒலிம்பிக்கின் துடுப்புப் போட்டி நடந்தது எங்கே? இதே மரினா நீர்த்தேக்கத்தில்தான்! தூரம் 1,000 மீட்டர்!

அரிசிப் பை எடையில் ஒரு படகு!

ஒற்றை ஆள் பந்தயப் படகின் குறைந்தபட்ச எடை எவ்வளவு? வெறும் 14 கிலோ! தேக்காவில் நீங்கள் தூக்கி வரும் 10 கிலோ அரிசிப் பையைவிட நாலே கிலோ கூடுதல்!

நீளம் 8 மீட்டருக்கு மேல். அகலம்? கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர்! உங்கள் பிள்ளையின் பள்ளிப்பையில் இருக்கிறதே ஒரு அளவுகோல், அதே நீளம்!

70 கிலோ ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்தால், ஓட்டுபவர் படகைப் போல 5 மடங்கு கனம்! தலை கனத்து அடி மெலிந்த இந்தப் படகு ஆடாமல் என்ன செய்யும்!

அப்படியானால் அதைக் கவிழாமல் வைத்திருப்பது எது? துடுப்புகள்! இரண்டு பக்கமும் விரித்தால் 5 மீட்டருக்கும் மேல் நீளும்! கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் கோலைப் பிடித்திருப்பாரே, அதே வித்தை!

பிடியைக் கைவிட்டால்? கதை முடிந்தது, தண்ணீருக்குள் இருப்பீர்கள்! அதனால்தான் புதியவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: இரண்டு பிடிகளையும் சேர்த்துப் பிடி, விடாதே!

எட்டுப் பேர் ஓட்டும் பந்தயப் படகு 17 மீட்டருக்கும் மேல் நீளம்! குறைந்தபட்ச எடை 96 கிலோ! சுக்கான் பிடிப்பவரோடு ஒன்பது பேரைச் சுமக்கிறது!

இவ்வளவு நீளப் படகை எப்படி லாரியில் ஏற்றுவார்கள்? நடுவில் இரண்டு துண்டாகக் கழற்றி விடுவார்கள்! கரை சேர்ந்ததும் திருகு மாட்டினால் மறுபடி ஒரே படகு!

அகலம் இரண்டு, பலன் எட்டு!

இது நான் மிகவும் ரசித்த கணக்கு. அதே நீளம், அதே எடை. அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். படகின் சாயாத பலம் எத்தனை மடங்கு ஏறும்? இரண்டா? நாலா? எட்டு!

அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே போதும். நிலைப்பு 33 சதவீதம் கூடுகிறது! மூன்று விரல் அகலம் கூடினால் படகே வேறு!

அதனால் கடையிலோ சங்கத்திலோ படகு பார்க்கப் போனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். நீர்மட்டத்தில் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள்! மேல் விளிம்பின் அகலம் அல்ல, தண்ணீரைத் தொடும் இடத்தின் அகலம்! நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்!

இந்தக் கணக்கின் இதயமான 'மெட்டாசென்டர்' என்ற புள்ளியைப் புத்தகமாக எழுதி உலகுக்குக் கொடுத்தவர் பியர் பூகேர். ஆண்டு 1746. அதை அவர் எழுதிய இடம்? துறைமுகம் அல்ல, கப்பல் பட்டறை அல்ல. பூமியை அளக்கப் போன இடத்தில், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில்!

அதற்கும் ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன்பே மிதக்கும் பொருள் எப்போது சாயும், எப்போது நிமிரும் என்று கணக்குப் போட்டவர் ஆர்க்கிமிடீஸ்! குளியல் தொட்டிக் கதை மட்டும்தான் நமக்குச் சொன்னார்கள்!

பந்தயத்துக்கு இல்லாமல் சும்மா உலாவச் செய்த உலாப் படகுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லவா? 1971-ல் அமெரிக்காவில் ஆர்தர் மார்ட்டின் என்ற கப்பல் வடிவமைப்பாளர் கொண்டுவந்த ஆல்டன் ஓஷன் ஷெல்! நீளம் 5 மீட்டருக்குள். அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேல்! பந்தயப் படகைவிடக் குட்டை, இரண்டு மடங்கு அகலம். சாதாரண ஆட்கள் கடலில் துடுப்பு வலிக்க வழி பிறந்தது!

கடலோரப் படகுப் போட்டிக்கு விதியே தனி. ஒற்றையர் படகு 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எடை 35 கிலோவுக்குக் குறையக் கூடாது. அகலம் 75 சென்டிமீட்டர்! நால்வரும் சுக்கானும் கொண்ட படகு என்றால் 150 கிலோ!

அலை உள்ளே புகுந்தால்? இந்தப் படகுகளின் பின்பக்கம் திறந்தே இருக்கும்! ஓட ஓட, புகுந்த தண்ணீர் பின்னால் தானே வழிந்துவிடும்! வாளியே வேண்டாம்!

தண்ணீர் தங்கினால் என்ன ஆகும் தெரியுமா? 100 லிட்டர் என்றால் 100 கிலோ! அதுவும் சும்மா இருக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, இன்னும் சாய்த்துவிடும்! ஆகவே இன்னொரு கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: முன்னும் பின்னும் காற்றடைத்த அறை இருக்கிறதா?

தட்டையான அடி கொண்ட படகு கரையிலே பாறை போல நிற்கும். அலையில்? அலை சாய்ந்த பக்கமே தானும் சாயும்! பக்கவாட்டுச் சுவர்கள் மேலே விரிந்த படகு நிற்கும்போது கொஞ்சம் ஆடும். சாயச் சாய அதற்குப் பலம் ஏறும்! நீர்த்தேக்கத்துக்கு முதலாவது, கடலுக்கு இரண்டாவது!

செருப்புக்கு அளவு உண்டு, படகுக்கும் உண்டு! பந்தயப் படகுகளை ஓட்டுபவரின் எடை பார்த்தே செய்கிறார்கள். 50 கிலோ ஆள் 90 கிலோ ஆளுக்குச் செய்த படகில் உட்கார்ந்தால் அது தண்ணீரில் ஆழ அமராது, காற்றடித்தால் தள்ளாடும்! 90 கிலோ ஆள் 50 கிலோ ஆளுக்குச் செய்த படகில் ஏறினால் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும்!

இன்னும் ஆடுகிறதா? இரண்டு பக்கமும் சின்ன மிதவை மாட்டிக்கொள்ளலாம்! வெட்கப்படவே வேண்டாம். மாற்றுத்திறனாளர் உலகப் போட்டியில், கையும் தோளும் மட்டுமே கொண்டு ஓட்டும் பிரிவில், ஒற்றையர் படகுக்கு மிதவை கட்டாயம்! உலகச் சாம்பியன்களே மாட்டுகிறார்கள்!

படகின் மூக்கில் ஒரு வெள்ளை ரப்பர் பந்து இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அலங்காரம் இல்லை! மோதினால் அடுத்தவரைக் குத்தாமல் இருக்க! குறைந்தது 4 சென்டிமீட்டர் விட்டம் என்று சட்டமே இருக்கிறது!

காலணிகள் படகோடு பிணைக்கப்பட்டிருக்கும்! கவிழ்ந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோமா? மாட்டோம்! ஒரே கையிழுப்பில் இரண்டு காலும் விடுபட வேண்டும். ஏறுவதற்கு முன் குதிகால் கயிற்றை இழுத்துப் பாருங்கள், தயவுசெய்து! இரண்டு நொடி வேலை!

கவிழ்ந்தால் நீந்திக் கரைக்குப் போகலாமா? கூடாது! படகைப் பிடித்துக்கொள்ளுங்கள்! கவிழ்ந்த படகும் மிதக்கும். உங்கள் கையிலிருக்கும் மிகப் பெரிய மிதவை அதுதான்!

துடுப்பு வலிப்பவர் பார்ப்பது எந்தப் பக்கம்? பின்பக்கம்! போகும் வழி முதுகுக்குப் பின்னால்! அதனால்தான் தொப்பியில் குட்டிக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். உலாப் படகுக்கு சுக்கான் பிடிக்க ஒருவரை உட்கார்த்தினால் அவர் மட்டும் முன்னால் பார்ப்பார்!

டிராகன் படகில் நேர் எதிர்! துடுப்பு போடும் 20 பேரும் முன்னால் பார்ப்பார்கள். பின்னால் பார்ப்பவர் முரசு அடிப்பவர் மட்டும்தான்!

உலகத்துக்கே நாம் கொடுத்த சொல்!

இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுங்கள். ஆடாத படகுக்கு உலகமே சொல்லும் பெயர் 'கேட்டமரான்'. அது எந்த மொழி? தமிழ்! கட்டுமரம்!

அதை ஆங்கிலப் புத்தகத்தில் ஏற்றியவர் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி. சோழமண்டலக் கரையில் பார்த்து எழுதினார். புத்தகம் வந்த ஆண்டு 1697!

ஆனால் ஒரு பெரிய வேடிக்கை! இன்று உலகம் 'கேட்டமரான்' என்பது இரண்டு உடல் கொண்ட படகை. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடலும் இல்லை, ஒரு உடலும் இல்லை! கட்டைகளைக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான்!

மூன்று கட்டை முதல் ஏழு கட்டை வரை! ஆணி? ஒன்றுகூடக் கிடையாது!

கட்டுமரத்தில் ஓட்டை விழுமா? விழாது! தண்ணீர் நிறையுமா? நிறையாது! கட்டைகளுக்கு நடுவே ஏறிய அலை அப்படியே இறங்கிவிடும். நிறைய இடமே இல்லாததை எப்படி மூழ்கடிப்பது? இன்றைய கடலோரப் படகின் பின்பக்கத்தைத் திறந்து வைக்கிறார்களே, அந்த யோசனை நம் கரையில் எப்போதோ வந்துவிட்டது!

மீன்பிடித்துத் திரும்பியதும் கட்டுமரத்தை என்ன செய்வார்கள்? அவிழ்த்துவிடுவார்கள்! கட்டைகள் காய வேண்டுமே! மறுநாள் விடியலில் மறுபடி கட்டுவார்கள். தினம் ஒரு புதுப் படகு!

1876-ல் நியூயார்க் பந்தயத்தில் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் அமரில்லிஸ். எல்லாரையும் தோற்கடித்தது. பரிசு கொடுத்தார்களா? இல்லை! இது படகே இல்லை என்று எதிர்த்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள்!

தமிழில் படகுக்கு எத்தனை பெயர்? எண்ணிப் பாருங்கள். ஓடம், தோணி, அம்பி, பஃறி, நாவாய், வங்கம், கலம், புணை, தெப்பம், வள்ளம், பரிசல், மரக்கலம்! பன்னிரண்டு ஆயிற்று, இன்னும் பாக்கி இருக்கிறது!

மலாய் மொழியில் கப்பலுக்கு என்ன பெயர்? 'காபால்'! எங்கிருந்து போனது? நம்மிடமிருந்து!

'சாம்பான்' என்றால் என்ன பொருள் தெரியுமா? சீனத்தில் 'மூன்று பலகை'! அடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. படகு தயார்!

ஒகேனக்கல் பரிசல் வட்டம்! முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது! தட்டைக் கூடை போல அகலமாக உட்கார்வதால் எளிதில் சாயாது. ஆனால் துடுப்பைத் தப்பாகப் போட்டால் பம்பரமாகச் சுற்றும்! நிலையான படகு நேராகப் போகும் என்று யார் சொன்னது? நேராகப் போக நீளம் வேண்டும், நிமிர்ந்து நிற்க அகலம் வேண்டும்! வேலை முடிந்ததும் அதே பரிசலைக் குடை போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டுபவர் வீட்டுக்கு நடந்துவிடுவார்!

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் பயணிகளை அலை தாண்டிக் கரையேற்றியவை மசூலா படகுகள். பலகைகளை ஆணியால் அறையவில்லை, கயிற்றால் தைத்தார்கள்! மோதும் அலைக்குப் படகே வளைந்து கொடுத்தது! விறைப்பான வெள்ளைக்காரப் படகுகள் அந்த அலையில் உடைந்தன, தையல் படகு தாங்கியது!

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணிமைக்காமல் பார்த்த ஆடாத படகு எது? தெப்பம்! அகலமான தளம், தட்டை அடி, நடுவில் சுவாமி! மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் வெட்டிய ஆண்டு 1645! தெப்பம் ஓடும் நாள் தைப்பூசம்! சிங்கப்பூரில் நாம் சிராங்கூன் சாலையிலிருந்து காவடி எடுக்கிற அதே நாள்!

ஆற்றங்கரையில் நம்மவர்கள்!

1819-ல் சிங்கப்பூரில் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர்தான். அதில் சுமார் 500 பேருக்கு வீடு எது? படகு! ஓராங் காலாங் என்ற ஆற்று மக்கள்! இன்று நாம் கயாக் ஓட்டும் காலாங்கில் அவர்கள் சமைத்தார்கள், தூங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள்!

சிங்கப்பூர் ஆற்றில் ஆரம்ப காலத்துச் சரக்குப் படகுகளை ஓட்டியவர்கள் யார்? சீனர்கள் அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள்! நம்மவர்கள்! கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மூட்டை சுமந்தவை அவர்களுடைய தொங்காங் படகுகள்! பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது.

சூலியா தெரு எங்கே இருக்கிறது? ராஃபிள்ஸ் பிளேசுக்கும் படகுத் துறைக்கும் பக்கத்தில்! 1822-ல் நகரத்துக்கு வரைந்த ஜாக்சன் திட்டத்திலேயே ஆற்றோரம் 'சூலியா கம்பம்' என்று குறித்திருக்கிறார்கள்! அடுத்த தடவை அந்த வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே நடக்கும்போது பெயர்ப்பலகையை நிமிர்ந்து பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்!

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் நடுவே எழுந்தது. கடலோடிகளைக் காப்பவர் என்று போற்றப்படும் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக! அன்றைக்கு அந்தத் தெருவே கடற்கரை! கரையிறங்கியதும் முதல் நன்றி அங்கேதான்! இன்று கடல் கண்ணுக்கே தெரியாது. எல்லாம் மண் போட்டு மேடாக்கிய நிலம்!

சரக்குப் படகுகளின் முகப்பில் கண் வரைந்திருப்பார்களே, ஏன்? படகு தன் வழியைத் தானே பார்த்துப் போகத்தான்! இன்றும் ஆற்றில் ஓடும் உல்லாசப் படகுகளில் தேடிப் பாருங்கள்!

ஆற்றைச் சுத்தம் செய்ய எத்தனை வருடம் ஆனது? 1977-ல் தொடங்கி 1987 வரை, முழுசாகப் பத்து! 1983-ல் சரக்குப் படகுகள் அத்தனையும் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின!

மலாய்க்காரர்களின் கோலேக் பாய்மரப் படகு மெல்லியது, பந்தய வேகம்! அதை நிமிர்த்தி வைத்தது எது? ஆட்கள்! பாய்மரக் கம்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்று உடம்பை வெளியே சாய்த்தார்கள்! மனிதர்களே எதிர்ப்பாரம்!

சிங்கப்பூரிலிருந்து துடுப்புப் போட்டிக்கு ஒலிம்பிக் போன முதல் ஆள் ஒரு பெண்! சையிதா ஆயிஷா, ரியோ, 2016! அதற்கு முன் 2013 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம்!

அடுத்து தோக்கியோவுக்குப் போனவரும் பெண்தான்! ஜோன் போ. தொழில்? தாதி! சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர்!

இருவரும் வளர்ந்த சிங்கப்பூர்த் துடுப்பு விளையாட்டின் தலைவாசல் பாண்டான் நீர்த்தேக்கம்! சுற்றி நடந்தால் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர்!

பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள்! அதே காலாங் ஆறு! நீர்நாய்கள் குடும்பமாகக் குடியேறிவிட்டன. மரினாவில் உங்கள் படகுக்குப் பக்கத்தில் தலை தூக்கிப் பார்க்கும்! துடுப்பை நிறுத்தி அவற்றுக்கு வழிவிடுங்கள்!

கடல்சார்ந்த சதுப்புக்காடு வேண்டுமா? சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பிவிடும், புலாவ் உபினுக்கு! அங்கே இருவர் கயாக்கில் கண்டல் மரங்களுக்கு நடுவே நுழையலாம். ஊருக்குப் போகும்போது சிதம்பரம் பக்கம் பிச்சாவரமும் பார்த்துவிடுங்கள். 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். வந்த அதே அலையாத்திக் காடு!

மேகம் கறுத்தால் மேலே வா!

சிங்கப்பூரில் வருடத்துக்கு எத்தனை நாள் இடி இடிக்கிறது? சராசரியாக 168 நாள்! கிட்டத்தட்ட இரண்டு நாளுக்கு ஒரு நாள்! எவ்வளவு அகலப் படகாக இருந்தாலும் மின்னலுக்கு அது தெரியாது. எச்சரிக்கை கேட்டால் உடனே கரை!

சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் எப்போது வரும்? விடிவதற்கு முன்னும் காலையிலும்! துடுப்புக்காரர்கள் தண்ணீரில் இறங்கும் அதே நேரம்!

சிங்கப்பூரில் பதிவான மிக வேகமான காற்று அதுதான் கொண்டுவந்தது. 1984 ஏப்ரல் 25, தெங்கா. மணிக்கு 144.4 கிலோமீட்டர்!

துடுப்போடு உலகச் சுற்றுலா!

கல்கத்தா ரோயிங் கிளப் 1858! கொழும்பு ரோயிங் கிளப் 1864! அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867! மூன்றும் நூற்றைம்பது தாண்டியவை!

சென்னையும் கொழும்பும் துடுப்பில் மோதத் தொடங்கிய ஆண்டு 1898! கிரிக்கெட்டில் இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே இல்லாத காலம்!

வெனிஸில் 1975 முதல் 'வோகலோங்கா' நடக்கிறது. 30 கிலோமீட்டர், ஆயிரக்கணக்கான ஆட்கள். முதல் பரிசு யாருக்கு? யாருக்கும் இல்லை! போட்டியே கிடையாது, எல்லாரும் ஒன்றாகப் போவதுதான் விழா! துடுப்பால் தள்ளும் எந்தப் படகும் வரலாம்!

பின்லாந்தின் சுல்காவாவில் தீவைச் சுற்றி 60 கிலோமீட்டர்! அங்கே புகழ்பெற்றது 'தேவாலயப் படகு'. ஞாயிறு பூசைக்கு ஊரே ஒரே படகில் துடுப்பு வலித்துப் போன காலத்து வடிவம்! இன்று அதில் 14 பேர் வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்கிறார்!

ஜெனீவா ஏரியைச் சுற்றி ஒரே மூச்சில் ஓட்டும் போட்டி எவ்வளவு தூரம்? 160 கிலோமீட்டர்! தேக்காவிலிருந்து கிளம்பினால் மலேசியாவுக்குள் பாதி ஜொகூரே தாண்டிவிடலாம்!

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ஆறு பேர் ஓட்டும் 'கிக்' படகுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு! ஏன்? 1838-ல் கட்டிய 'ட்ரெஃப்ரி' என்ற ஒரே படகின் அளவைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறார்கள்! அகலம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். புயலில் கப்பலுக்கு வழிகாட்டப் போன படகு அது, ஆடினால் ஆகுமா!

ஸ்காட்லாந்தில் 2009-ல் ஒரு படகுக்கு வரைபடம் போட்டார்கள், பெயர் செயின்ட் ஐல்ஸ் ஸ்கிஃப். ஒட்டுப்பலகைத் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஊர்க்காரர்கள் கூடி ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும்! 6.7 மீட்டர் நீளத்துக்கு 1.7 மீட்டர் அகலம்! அறுபது வயதில் முதல் தடவை துடுப்பு பிடிப்பவரும் ஏறலாம்!

1896-ல் ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவேல்சன் என்ற இருவர் நியூயார்க்கில் துடுப்பு பிடித்தார்கள். படகு ஐந்தரை மீட்டர்தான். இங்கிலாந்துப் பக்கம் சில்லி தீவில் கரையேறினார்கள். எத்தனை நாள்? 55!

வழியில் நடுக்கடலில் கவிழ்ந்தும் போனார்கள்! ஆனால் கிளம்புவதற்கு முன்பே படகின் அடியில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். அதைப் பிடித்துப் புரட்டி, ஏறி, மறுபடி வலித்தார்கள்! கவிழும் என்று தெரிந்தே நிமிர வழி வைத்துக் கட்டிய படகு!

அந்தச் சாதனை எத்தனை வருடம் நின்றது? 114! அதை முறியடிக்க 2010-ல் நான்கு பேர் தேவைப்பட்டார்கள்!

அகலப் படகுகளுக்கு அடுத்த மேடை எது? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்! மணலில் ஓடிவந்து படகில் குதித்து, அலையில் வலித்துத் திரும்பி, மறுபடி மணலில் ஓடி முடிக்கும் கடலோரத் துடுப்புப் போட்டி முதல் முறையாக நுழைகிறது!

கடைசியாக ஒன்று. வாரக்கடைசியில் ஹார்பர்ஃபிரண்டிலிருந்தோ தானா மேராவிலிருந்தோ பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரி ஏறுவீர்கள் இல்லையா? ஏறும் முன் முன்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். பலவற்றில் ஒரு உடல் இருக்காது. நடுவில் தண்ணீர் ஓட, இரண்டு உடல் இருக்கும்! அந்த வகைப் படகின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்: கேட்டமரான்!